ஒரு மடக்குத் தண்ணீர்

பச்சியப்பன் தண்ணீர் குடிக்கிறானா இல்லையா என்று நான் திருட்டுத்தனமாகப் பார்க்க ஆரம்பித்தது பயணத்தின் மூன்றாம் நாள், பொம்மிடி ஸ்டேஷன் எதிரில் இருந்த டீக்கடையில். அதற்கு முந்தின நாட்களில் அவன் எப்போது குடித்தான், எவ்வளவு குடித்தான் என்று மண்டையை உடைத்துக்கொண்டும் ஞாபகம் வரவில்லை. பயம் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

எனக்குத் தர்மபுரியில் வாடகை சைக்கிள் கடை. பச்சியப்பன் கூட்டுறவு சங்கத்தில் கிளார்க், ஐந்தாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதன். தார் ரோட்டை முடிந்தவரை தொடாமல், ஜல்லி ரோட்டிலும் வண்டிப்பாதையிலுமாக ஐந்து நாள் சுற்றி வர வேண்டும், பொழுது சாய்கிற இடத்தில் கூடாரம் அடிக்க வேண்டும் என்பது என் யோசனை. எண்பத்து நாலாம் வருஷம் எங்கள் தெருவில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. பஸ் ஓடுகிற காலத்தில் எவனாவது இடுப்பை உடைத்துக்கொள்வானா என்றார்கள். அந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். இரண்டு வண்டிக்கும் தடித்த டயர் மாட்டினேன். கேரியரை வெல்டிங் வைத்து அகலமாக்கினேன். மிலிட்டரியில் இருந்து வந்திருந்த பச்சியப்பனின் மச்சான் ஒரு பழைய கூடாரமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார். பச்சியப்பனின் மனைவி காவேரி அப்போது ஐந்து மாதம். கிளம்பும்போது அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள்.

"பத்திரமா கூட்டிக்கிட்டு வந்துடுங்கண்ணா."

முதல் நாள் பென்னாகரம் தாண்டி ஏரியூர்ப் பக்கம் போய், சென்றாயன் என்கிற கடலைக்காட்டுக்காரரின் களத்தில் தங்கினோம். நல்ல மனுஷர், கேட்டதும் இடம் கொடுத்தார். மறுநாள் விடிந்ததும் பச்சியப்பன் குனிந்து கூடாரத்து முளையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவர் வீட்டு நாய் பின்னாலிருந்து வந்து அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டுப் போய்விட்டது. குரைக்கவில்லை, உறுமவில்லை. அவன் திரும்புவதற்குள் அது களத்தைத் தாண்டிவிட்டது. நான்தான் நன்றாகப் பார்த்தேன். செவலை நாய். முன்னங்காலில் ஒன்று மட்டும் சுண்ணாம்பில் முக்கியெடுத்தது போல வெள்ளை.

புது ஆளைக் கண்டால் அது அப்படித்தான் என்று சென்றாயன் சமாதானம் சொன்னார். நாலு பல் பதிந்திருந்தது, ரத்தம் கொஞ்சம்தான். பச்சியப்பன் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டான். ஒரு ராத்திரி தாங்கவில்லை பார் என்று தெருவே கைகொட்டிச் சிரிக்குமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கடையில் தினம் இருபது பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு ஓட்டையா என்றேன். காயத்தில் காப்பித்தூளை அடைத்தேன். பழைய ட்யூபில் உள்ளங்கை அளவு வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓரமெல்லாம் சொல்யூஷன் தடவி, ரோட்டுப் புழுதி உள்ளே போகாதபடி அவன் காலில் அழுத்தி ஒட்டினேன். அவன் எரிகிறது என்று கத்தினான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

இரண்டு நாள் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பொம்மிடி டீக்கடையில் பச்சியப்பன் காலைத் தூக்கி பெஞ்சின்மேல் வைத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். பெயர் சவுரியப்பன், ரயில்வேயில் கேங்மேன். என்ன இது என்று கேட்டார். நான் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நாய்க்கடிய மூடவே கூடாதுங்க, பாய். வெஷத்த உள்ள வெச்சு ஒட்டிட்டீங்களே."

அவருடைய தம்பியே அப்படித்தான் போனானாம். கடைசி இரண்டு நாள் தாகம் தாகம் என்று கதறினானாம், சொம்பைக் கிட்டே கொண்டுபோனால் தொண்டை இழுத்துக்கொண்டு சுருண்டு விழுந்தானாம். நாய் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். கடித்த நாய் பத்து நாள் நல்லபடியாக இருந்தால் பயமில்லை, செத்திருந்தால் உடனே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாயைப் பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை. பச்சியப்பன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அவன் ஏன் குடிக்கவில்லை என்று நான் அந்தக் கிளாஸையே பார்த்தேன்.

நேராகத் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அவன் ஒப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மை ஊசி போட வந்தால் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறவன். முதலில் நாயைப் பார்ப்போம், அது நன்றாக இருந்தால் பதினாலு ஊசி எதற்கு என்றான். எனக்கும் அதுவே வேண்டியிருந்தது. நாய் உயிரோடு இருந்தால் நான் செய்ததும் ஒன்றுமில்லாமல் போய்விடும் அல்லவா?

வந்த வழியே மிதித்தோம். ஜல்லியில் டயர் நறநறத்தது. மைலுக்கு ஒருதரம் பாட்டிலை நீட்டினேன். முதலில் குடித்தான். பிறகு, வேண்டாம், போதும் என்றான். தொண்டை வலிக்கிறதா என்று கேட்டேன். புழுதி என்றான். புழுதிதானா என்று கேட்டேன். அவன் வண்டியை நிறுத்தி என்னை முறைத்தான்.

அன்று பெரும்பாலை ஏரிக்கரையில் பெயருக்குக் கூடாரம் அடித்துப் படுத்தோம். தூக்கத்தில் அவன் கால் என்மேல் பட்டது. நான் தள்ளிப் படுத்தேன். அவன் தூங்கவில்லை போலிருக்கிறது.

"கடிச்சிடுவன்னு பயமாடா?" என்றான்.

இல்லை என்றேன். ஆமாம் என்பது இருவருக்கும் தெரியும். இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவனைப் பார்த்து நான் பயந்தேன். அதைவிடக் கேவலம் எனக்கு வேறில்லை.

நாலாம் நாள் முற்பகலில் சென்றாயன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களைக் கண்டதும் அவர் முகம் மாறியது, ஆனால் உட்காரச் சொன்னார். அவர் மனைவி செல்லி இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, ஒன்றொன்றாக இடது கையால் நீட்டினாள். வலக்கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தவனுக்கு இடக்கையால் தண்ணீர் கொடுப்பார்களா? துலுக்கன் என்பதால்தானே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொம்பைத் தொடாமல் கீழே வைக்கச் சொன்னேன். பச்சியப்பன் மட்டும் கடகடவென்று குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்ததில் அந்தக் கோபம் பாதி மறந்துபோனது.

நாய் எங்கே என்று கேட்டேன். சென்றாயன் கொல்லைப்பக்கம் போய், கழுத்தில் கயிறு போட்டு ஒரு செவலை நாயை இழுத்துவந்தார். களி உருண்டை ஒன்றைப் போட்டார். நாய் ஆவலாகத் தின்றது, வாலை ஆட்டியது. பச்சியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். அழுதுகொண்டே சிரித்தான். காவேரிக்கு இதைச் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் கேட்டான்.

நான் நாயின் காலைப் பார்த்தேன். நாலு காலும் செவலை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. அவன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான். ஆனால் காவேரி சொல்லி அனுப்பியது என்னிடம்.

"இது அந்த நாய் இல்ல," என்றேன்.

சென்றாயன் குரலை உயர்த்தினார். இதுதான் என்றார், என் வீட்டு நாய் எனக்குத் தெரியாதா என்றார், வேண்டுமென்றே வம்புக்கு வந்திருக்கிறீர்களா என்றார். வெள்ளைக் காலைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார். கதவோரம் நின்றிருந்த செல்லிதான் பேசினாள்.

"அது செத்துப்போச்சுங்க. நீங்க போன அன்னிக்கே கன்னுக்குட்டியக் கடிச்சுது. இவருதான் அடிச்சுப் பொதச்சாரு. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போலீஸ் கேஸ் என்று யாரோ பயமுறுத்தினார்களாம், அதனால் பக்கத்துக் காட்டுக்காரர் நாயைக் கட்டிவைத்திருந்தாராம். சென்றாயன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இதைச் சொன்னார். திட்டுவதற்குக்கூட எங்களுக்கு நேரமில்லை. பச்சியப்பன் அதற்குள் வண்டியில் ஏறிவிட்டான். ஊசிக்குப் பயந்தவன் அன்று மிதித்த மிதியை நான் எந்த ரேஸிலும் பார்த்ததில்லை. சங்கிலி கழன்றபோது மாட்டக்கூட எனக்குக் கை வரவில்லை. சங்கிலி மாட்டத் தெரியாத சைக்கிள் கடைக்காரனாக நடுரோட்டில் நின்றேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஊசியை ஆரம்பிக்கச் சொன்னார். ட்யூபை எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ நர்ஸ் ஜானகியம்மாள் வந்தார். அது வரவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தது. நான் ஒட்டிய ஒட்டுகளிலேயே அதுதான் நன்றாக ஒட்டியிருந்தது. இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டார். நான் என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. என் கையைப் பிடித்து அந்த ஓரத்தில் வைத்தார். நானே உரித்தேன். பச்சியப்பன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான்.

இப்போது தண்ணீர் குடிக்கிறானா என்று பார்ப்பதில் பிரயோஜனமில்லை, அது தெரிய வாரங்கள் ஆகும், மாதங்கள்கூட ஆகலாம் என்றார் ஜானகியம்மாள். தெரிந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை, இப்போதே வந்தது நல்லது என்றார். பிறகு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே கேட்டார்.

"அந்த நாய் வேற யாரையாவது கடிச்சுதா?"

கன்றுக்குட்டியை என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் சேலைத் தலைப்புக்குள் இருந்த அந்தக் கை கண்முன் வந்தது. இரண்டு சொம்பையும் இடக்கையாலேயே கொடுத்தாள். கதவைப் பிடித்ததும் இடக்கையால்தான். கன்றையும் நாயையும் யார் விலக்கிவிட்டிருப்பார்கள்? நான் அங்கே உட்கார்ந்து என் மரியாதையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பச்சியப்பனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, விடிந்தும் விடியாமலும் ஏரியூருக்குக் கிளம்பினேன். கூடாரத்தைக்கூடக் கேரியரிலிருந்து இறக்கவில்லை. வழியெல்லாம், போய்ச் சேரும்போது அவள் எப்படி இருப்பாளோ என்ற ஒரே நினைப்பு. வாரங்கள் ஆகும் என்று நர்ஸ் சொன்னது மூளைக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

சென்றாயன் காட்டுக்குப் போயிருந்தார். செல்லி களத்தில் தனியாக உட்கார்ந்து, ஒற்றைக் கையால் கடலைச் செடியிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு எதிரில் நின்றேன். கையைக் காட்டுங்கள் என்றேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"வூட்ல சொல்லலீங்க. தெரிஞ்சா கட்டுத்தறியில கட்டிப்போட்டுடுவாங்க. எங்க சித்தப்பனக் கட்டித்தான் போட்டாங்க, தண்ணியில்லாம அப்பிடியே போயிட்டாரு."

தலைப்பை விலக்கினாள். கட்டைவிரலுக்குக் கீழே நாலு பல். மேலே மஞ்சளை அரைத்து அப்பி, துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். தனக்கு இதைச் சொல்ல வாய் வராதவள்தான் ஒரு ராத்திரி தங்கிப் போன ஒருவனுக்காகப் புருஷன் எதிரில் வாயைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிப்போட மாட்டார்கள், ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம், சென்றாயன் அண்ணனிடம் நான் பேசுகிறேன் என்றேன். பாட்டிலைத் திறந்து நீட்டினேன். பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் நீட்டினேன்.

"எடக்கையில வாங்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க, பாய்," என்றாள்.

அண்ணாந்து குடித்தாள். ஒரு மடக்கு, இன்னொரு மடக்கு. பாட்டில் காலியாகும்வரை நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கேரியரில் இருந்த கூடாரத்தை அவிழ்த்து, ஆஸ்பத்திரிவரை அவள் உட்கார்ந்து வர மெத்தென்று மடித்துக் கேரியர்மேலேயே போட்டேன்.