வின்சன்ட் கை நீட்டிய ஞாயிறு

மன்னிப்பு என்று பலகையில் பிரெஞ்சில் எழுதி, அதன் கீழே தடித்த கோடு ஒன்றை இழுத்துவிட்டு, "இதை நல்ல குணம் என்று முதலில் சொன்னது யார்? அடித்தவனா, அடி வாங்கியவனா?" என்று ஆசிரியை கேட்டபோது வதனிக்குக் காது சூடேறியது. தாதி வேலைக்குப் படிக்க வந்தவளுக்குத் தத்துவம் என்ன கேட்டுக்கு என்று முதல் வாரம் முழுக்கத் திட்டித் தீர்த்தவள் அவள். சேஜெப் என்கிற இந்த மொன்ட்ரியால் கல்லூரியில் ஊசி போடப் படித்தாலும் தத்துவத்தில் சித்தியடையாமல் வெளியே விடமாட்டார்கள். அதனால்தான் முப்பத்தாறு வயதில், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன்காரர் ஒருவரோடு அவள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

அந்த மனிதர் எது நல்லது என்று கேட்கவில்லையாம். நல்லது என்று பெயர் வைத்தவர்கள் யார், அந்த நல்லதற்கே என்ன பெறுமதி என்று கேட்டாராம். திருப்பி அடிக்க முடியாதவர்கள் தங்கள் இயலாமைக்குப் பொறுமை என்று பெயர் சூட்டினார்கள், பழிவாங்க வழியில்லாததை மன்னிப்பு என்றார்கள், பிறகு அதையே புண்ணியமாக்கி ஊருக்கெல்லாம் விற்றார்கள் என்பது அவர் கட்சி. வதனிக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. இதை யாராவது முன்னமே சொல்லியிருந்தால் அக்காவின் காறை எலும்பு தப்பியிருக்கும் என்று நினைத்தாள்.

அக்கா அஞ்சலீனா தை மாதத்திலிருந்து வதனியின் வீட்டு வரவேற்பறையில்தான் படுக்கிறாள். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அவர்கள் இருந்த வீட்டின் வெளிப்படிக்கட்டில் புருஷன் வின்சன்ட் அவளைப் பிடித்துத் தள்ளியதில் காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஐஸில் வழுக்கியது என்று சொல்லிவிட்டாள். பனிக்காலத்தில் இந்த ஊரில் அந்தப் பொய்யை யாரும் இரண்டாம் முறை விசாரிப்பதில்லை. அவனோ அன்று பின்னேரமே மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போய் நின்றான். தமிழ்ப் பூசையின் பாடகர் குழுவுக்கு அவன்தான் தலைவன். குரலும் நல்ல குரல், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆனந்தராசா கோட்டைக் கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோயில் சபைத் தலைவர். மட்டக்களப்பிலிருந்து வந்த சனங்களின் கல்யாணம், சாவு, சண்டை எதுவும் அவர் இல்லாமல் நடக்காது.

"புள்ள, தபசு காலம் இது, பொறுத்துப் போற காலம்," என்றார் அஞ்சலீனாவிடம். "ஞாயிறு பூசையில சமாதானம் சொல்லக்குள்ள வின்சன்ட் உன்னட்ட வந்து கை தருவான். நீயும் கைய நீட்டு. மறுகா உடுப்பக் கட்டிக்கொண்டு வீட்ட போ. அவனும் பாவம், கடைச் சாப்பாடு."

கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கோயிலில் பூசை நடுவில் சமாதானம் சொல்லும்போது யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. கைகூப்பித் தலையசைப்பதோடு சரி. ஆகவே வின்சன்ட் இறங்கி வந்து கை கொடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தால் விவகாரம் தீர்ந்தது. அதற்குப் பிறகு அஞ்சலீனா வாய் திறந்தால் அவள்தான் கெட்டவள்.

அவர் போனதும் வதனி கதவை அறைந்து சாத்தினாள்.

"என்னகா, வாயில கொழுக்கட்டையா? ஏலாதெண்டு சொல்ல வேண்டியதுதானே?"

"மன்னிக்கத்தானே வேணும் வதனி."

"உனக்குத் திருப்பி அடிக்க ஏலாது. அதுக்குத்தான் மன்னிப்பு எண்டு பேர் வெச்சிருக்காய்." வகுப்பில் கேட்டதை அப்படியே கொட்டினாள். அக்கா உடுப்பு மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப உன்ட கோபத்துக்கு என்ன பேர்? நீயும் அந்தாள ஒண்டும் செய்யல்லியே."

வதனிக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

அடுத்த வகுப்பில் ஜெர்மன்காரர் அவளையும் விட்டுவைக்கவில்லை. மனதில் வன்மத்தை வைத்து மென்றுகொண்டே இருப்பது பலவீனரின் நோயாம். பலசாலி அவமானத்தை மறந்துவிடுவானாம், மறதிதான் அவனுடைய ஆரோக்கியமாம். வதனி கையை உயர்த்தினாள். தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில், "மதாம், அடி வாங்கியவள் மறந்தால் சரி. அடித்தவனே மறந்துவிட்டால்? அவனும் பலசாலியா? அப்படியென்றால் என் மச்சான் மகா பலசாலி," என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை.

"அவர் கேட்ட கேள்வியை நீங்கள் அவரிடமே திருப்பிக் கேட்கலாம். இந்த மறதியால் யாருக்கு லாபம்?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மன்னி என்கிறது கோயில், மற என்கிறது தத்துவம். இரண்டுமே அடிபட்டவளின் தலையில்தான் வந்து விடிகின்றன. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் இதையும் சொன்னாள்.

"அவருக்கு உண்மையாவே மறந்துதான் போச்சு, வதனி," என்றாள் அஞ்சலீனா. "நான் ஐஸில வழுக்கின எண்டுதான் அவரும் எல்லாருக்கும் சொல்லித் திரியிறார். அந்தப் பொய்ய எடுத்துக் குடுத்ததே நான்தான்."

ஞாயிறு, பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. வதனி வாங்குப் பலகையின் ஓரத்தில், அக்காவிடம் வரும் வழியை மறித்தபடி நின்றாள். அவன் வந்தால் என்ன சொல்வது என்று மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் கோயிலில் சொல்லக்கூடாத சொற்களும் இருந்தன. சாமியார், "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்," என்றதும் வின்சன்ட் பாட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டு இறங்கி வந்தான். இஸ்திரி போட்ட சேட்டு, முகத்தில் கண்ணியமான சோகம். ஆனந்தராசா முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். வின்சன்ட் வதனியைத் தாண்டிக் கையை நீட்டினான்.

"சமாதானம்."

வதனி வாயைத் திறந்தாள். அதற்குள் அக்காவின் குரல் கேட்டது, சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

"மன்னிக்கிறன். என்னத்துக்கு மன்னிக்கிற எண்டு நீங்க சொல்லுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். "முடிஞ்ச கதையத் திரும்ப என்னத்துக்கு..."

"எனக்கு முடியல்ல. படியில என்ன நடந்த? எல்லாருக்கும் கேக்க, உங்கட வாயால சொல்லுங்க. மறுகா கை தாறன்."

முன் வாங்குகளில் தலைகள் திரும்பின. ஆனந்தராசா எழுந்தார், எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டியவன் இங்கே நின்றதால் பாடகர் குழு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கீபோர்ட் வாசிப்பவர் முதல் சுரத்தை அழுத்தினார், ஒருவரும் பாடவில்லை, மறுபடியும் அழுத்தினார். அக்காவை மறைத்து நின்ற வதனி ஒரு அடி விலகி வழிவிட்டாள். இப்போது கோயில் முழுக்கப் பார்க்க, வின்சன்டின் கை நீட்டியபடியே இருந்தது. அதை மடக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.