முள் இறங்குகிறது

பூஞ்சேரியைத் தாண்டியதும் ஆயில் மீட்டரின் முள் இறங்கத் தொடங்கியது. நூர்முகமது முதலில் நம்பவில்லை. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். நாற்பதில் நிற்க வேண்டிய முள் இருபதுக்குப் போய், பத்துக்குப் போய், அதற்குக் கீழேயும் சரிந்தது.

லாரியை ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தான். பக்கத்தில் இருந்த அப்துல் மாலிக், அவன் மனைவியின் தம்பி, "இன்னா மச்சான்?" என்றான். "முள்ளு இறங்கிச்சிடா."

எண்ணெய் அழுத்தம் இல்லாமல் இஞ்சின் ஓடினால் பேரிங் உருகி, அதில் சுழலும் கிராங்குத் தண்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். அப்புறம் வண்டிக்குக் காயலான் கடைதான் கதி. பாதி ஆயுசு அடுத்தவன் வண்டியை ஓட்டி, ஏச்சுப் பேச்செல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வாங்கிய லாரி இது. ஐம்பத்தெட்டு மாடல். பேருக்குத்தான் லாரி, பாதி தகரம், பாதி வெல்டிங். ஆனாலும் அவனுடையது. இது போனால் மறுபடியும் எவன் வீட்டு வாசலிலாவது சாவிக்குக் கை நீட்டி நிற்க வேண்டும். அதை நினைக்கவே அவனுக்கு ஆகவில்லை.

போதாக்குறைக்கு, பின்னால் வைக்கோல் மெத்தையில் அம்மன் உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துப் பட்டறையில் கருங்கல்லில் செதுக்கி, அன்று காலையில்தான் ஏற்றினார்கள். அச்சரப்பாக்கத்துக்கு அந்தப்பக்கம் ஒரு காலனியின் புதுக் கோயிலுக்குப் போகிறாள். அழைத்துப்போக வந்த காலனி ஜனமும் அவளைச் சுற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பட்டறையிலிருந்து தூக்கிய சிலை பீடத்தில்தான் இறங்க வேண்டும், நடுவில் மண்ணில் படக்கூடாது, வண்டி மாற்றக்கூடாது, விளக்கு வைக்கும் முன் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும் என்று பேச்சு. எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன் நூர்முகமதுதான்.

மாலிக் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தான். "எண்ணெய் ஃபுல்லா கீது மச்சான்." நூர்முகமது விரலில் தொட்டு முகர்ந்தான். டீசல் வாடை இல்லை, தண்ணீரும் கலக்கவில்லை. இஞ்சினைக் கிளப்பினால் முள் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நாற்பதில் போய் நின்றது.

"மீட்டருதான் பொய் சொல்லுது. வுடு மச்சான்" என்றான் மாலிக்.

விட்டார்கள். கொஞ்ச தூரத்தில் முள் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை நூர்முகமது இஞ்சினை அணைக்காமல், மீட்டருக்குப் போகும் சின்னக் குழாயின் நட்டை இளக்கச் சொன்னான். அழுத்தம் இருந்தால் எண்ணெய் முகத்தில் பீய்ச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாலிக்கின் முகம் தொங்கிப்போயிற்று. மீட்டர் பொய் சொல்லவில்லை.

தட்டுத்தடுமாறித் திருக்கழுக்குன்றம் வந்தபோது, கழுகு பார்க்க மலையேறிய கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மன் தரிசனம் தரத்தான் வண்டி நிற்கிறது என்று நினைத்து நாலு பேர் கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். டீசல் டேங்குப் பக்கத்தில் கற்பூரம்! நூர்முகமது கத்தவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தட்டை இந்தப்பக்கம் நகர்த்தி வைத்தான்.

அங்கே மெக்கானிக் பட்டறை வைத்திருந்த எல்லப்பன், இஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேரிங் தேஞ்சிட்டுகீது பாய். பழய இஞ்சின்னா இப்டித்தான். இன்னும் ஓட்டினியானா கிராங்க்கு பூடும். வேற வண்டி வச்சி சாமிய அனுப்பு."

"வண்டி மாத்தக்கூடாதுன்னு பேச்சு அண்ணாத்த."

"அப்ப உன் இஷ்டம். என்னிய கேக்காத."

பின்னாலிருந்து சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். காலனிப் பெண்கள் சேர்ந்து வாங்கிய புதுப் பித்தளை அண்டாவை மடியில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். அம்மனுக்கு முதல் அபிஷேகம் அந்த அண்டாவில்தான். "இன்னா பாய், போவுமா போவாதா? வாயத் தொறந்து சொல்லு."

"போவும்க்கா" என்றான். எந்த தைரியத்தில் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

செங்கல்பட்டு வருவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண் ரோட்டில் பாதி, முள்ளில் பாதி. முள் இறங்கினால் அணைப்பான். ஒரு பீடி பிடிக்கும் நேரம் நிற்பான். கிளப்பினால் சரியாக இருக்கும். மறுபடி இறங்கும். வெயில் சாயத் தொடங்கியது. பின்னால் பாட்டு நின்றுபோய்க் குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. "ஆத்தாளுக்கு வர இஷ்டமில்லியோ" என்று யாரோ சொன்னது அவன் காதில் விழுந்தது. பாய் வண்டியில் ஏற்றியதால்தானோ என்று அடுத்ததாகச் சொல்வார்களோ? யாரும் சொல்லவில்லை. ஆனால் அவன் நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தான்.

பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் முள் அடியோடு படுத்துவிட்டது. பாலத்தின் நடுவில் நின்றால் ஒதுங்கக்கூட இடமில்லை. இறங்கி, புளிய மரத்தடியில் குந்தி, தலையைப் பிடித்துக்கொண்டான். அப்போதுதான் ஒன்று உறைத்தது.

பேரிங் தேய்ந்திருந்தால், இஞ்சின் சூடாகச் சூடாக முள் இறங்கும், சரி. ஆனால் அதே சூட்டோடு கொஞ்ச நேரம் நின்றதும் எப்படி ஏறும்? தேய்ந்த பேரிங் ஒரு பீடி நேரத்தில் வளருமா? வேறு ஏதோ போய் எண்ணெய் உறிஞ்சும் வாயில் அடைக்கிறது. நிறுத்தினால் உதிர்ந்து கீழே விழுகிறது. அடியில் இருக்கும் ஜல்லடை!

ஜல்லடையில் அடைக்க என்ன இருக்கிறது? நேற்றுவரை ஒன்றும் இல்லையே?

நேற்று. அவன் முகம் வெளிறிவிட்டது. சாமி ஏறப்போகும் வண்டி, யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று, நேற்று கறிக்கடைத் தோல் ஏற்றிவந்த பலகைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். அதோடு விட்டானா? பழைய எண்ணெயை இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி இஞ்சினின் உள்ளேயும் அலசினான். மாலிக் கூட, "உள்ள யாரு பாக்கப்போறா மச்சான்?" என்று கேலி செய்தான். வருஷக்கணக்காக உள்ளே படிந்து, தன்பாட்டுக்குக் கிடந்த கருப்பு மண்டியையெல்லாம் மண்ணெண்ணெய் இளக்கிவிட்டது. வண்டி எப்போதும் அழுக்காக இருந்தபோது நன்றாகத்தான் ஓடியது.

"மாலிக்கு, சம்ப்ப இறக்குடா!"

சம்ப் என்பது இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி. வண்டிக்கு அடியில் படுத்தே கழற்றிவிடலாம், அம்மன் இருந்த இடத்திலேயே இருப்பாள். ஆனால் எண்ணெயை எதில் பிடிப்பது? மண்ணில் விட்டால் ஊற்ற வேறு எண்ணெய் இல்லை. செங்கல்பட்டுக்குத் திரும்பி ஓடி வாங்கிவர நேரமும் இல்லை. மாலிக்கின் பார்வை சந்திரம்மாவின் அண்டா பக்கம் போக, நூர்முகமதுவும் பார்த்தான். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சந்திரம்மா இறங்கி வந்தாள். "இன்னா வோணும்?"

அவனால் கேட்க முடியவில்லை. நடந்ததை மட்டும் சொன்னான். தோல் ஏற்றின வண்டி என்பதையும், மண்ணெண்ணெய் விட்டு அலசியதையும், இப்போது எண்ணெயைப் பிடிக்க ஏனம் இல்லை என்பதையும் சொன்னான்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "சுத்தம், சுத்தம்னு ஊருக்காரங்க எங்கள கோயிலு வாசல்ல நிக்க வச்சது போதாதா? இப்ப நீயும் எங்களுக்காக கழுவினியா? நாங்க கேட்டமா பாய்?"

அவமானத்தில் அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் அண்டாவை எடுத்துவந்து வண்டிக்கு அடியில் தள்ளினாள். பின்னால் ஒரு கிழவர், "அடியே, அபிஷேக அண்டாடீ" என்று பதறினார். "தெரியும். நான்தான் வாங்கினேன்" என்றாள்.

கொதிக்கும் எண்ணெய் பளபளக்கும் பித்தளையில் கருப்பாக இறங்கியது. நூர்முகமதுவின் முழங்கை வெந்தது, அவன் கவனிக்கவில்லை. ஜல்லடையைக் கழற்றினால் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை, உருகின வெல்லம்போலக் கருப்பாக அப்பிக்கிடந்தது. அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டீசலில் அலசி, சம்ப்பை வழித்து, விளிம்பில் கிழிந்த பேக்கிங்கை ஒழுகாதபடி சோப்பால் அடைத்து மாட்டி, மாலிக்கின் தலைத்துண்டில் எண்ணெயை வடிகட்டி ஊற்றினார்கள்.

இஞ்சின் கிளம்பியது. முள் நாற்பது. பாலத்தில் நாற்பது. மதுராந்தகத்தில் நாற்பது. அவன் அப்போதும் நம்பவில்லை. ஊர் எல்லையில் மேளம் கேட்டபோது வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

அண்டாவைச் சந்திரம்மா புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் காலை அதில் தண்ணீர் மொண்டு அவளே முதலில் அம்மன் தலையில் ஊற்றினாள். கருங்கல் முகத்தில் மெல்லிசாக எண்ணெய் மினுமினுத்து வழிந்தது. கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோயில் வாசலுக்கு வெளியே வண்டிப் பக்கம் நின்ற நூர்முகமது ஓரடி பின்வாங்கினான்.

சந்திரம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னா பாக்கறீங்க? ஆத்தா வந்த வண்டியோட எண்ணெ. இத ஊத்தித்தான் ஆத்தா வூடு வந்து சேந்தா." அப்புறம் அவனைப் பார்த்துக் கை நீட்டிக் கத்தினாள். "பாய்! அங்க இன்னா வாசல்ல நின்னுகினு? உள்ள வா!"

அவன் கையைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் கருப்பு. கழுவத் தண்ணீர் தேடினான். பிறகு தேடுவதை விட்டுவிட்டு உள்ளே போனான்.