நாகல் நகரில் வளர்ந்த பச்சைச் சேலை

சின்னாளப்பட்டி அங்கம்மாள் தன் வீட்டுத் தறியில் உட்கார்ந்து மிதித்தால், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி நாகல் நகரில் துணி வளரும். அந்த மாதம் தக்காளி கிலோ நாற்பதுக்கு விற்றது எவ்வளவு நிஜமோ, இதுவும் அவ்வளவு நிஜம். நெசவாளர் குழுவில் பதினைந்து பேர் நம்பினார்கள். நம்பாதவர் செயலாளர் ரங்கசாமி ஒருவர்தான்.

எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தவறு. மாதம் ஒருமுறை குழு கூடும்; நெய்ததை விரித்துக் காட்டி, கைப்பக்குவத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். அன்று அங்கம்மாள், தறியிலிருந்து கழற்றி வந்த சீப்பு மாதிரி அச்சில் தொங்கும் பழைய பாவின், அதாவது நீளவாட்டு நூலின், நுனியில் புதுப் பாவைப் பிணைத்துக் காட்டினாள். விரலில் சாம்பலைத் தொட்டு இழைக்கு இழை முறுக்க வேண்டும். அவள் முறுக்கினால் யானை இழுத்தாலும் பிரியாது; இரண்டு யானை என்றால் யோசிக்கலாம். பக்கத்தில் நாகல் நகர் மெஹராஜும் பிணைத்துக்கொண்டிருந்தாள். பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா பாஸ்மதியா என்று பேச்சு முற்றியதில் இருவர் அச்சும் மாறிப்போயின. இவள் பாவு அவள் அச்சில், அவள் பாவு இவள் அச்சில். பிணைத்தது பிணைத்ததுதான் என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வீடு போனார்கள்.

மறுநாள் அங்கம்மாள் நெய்ய நெய்ய நூல் தீர்ந்தது, துணி விரற்கடைகூட ஏறவில்லை. மெஹராஜ் போன் செய்தாள்: "அக்கா, நான் அடுப்படியில நிக்கிறேன், இங்க பச்சைச் சேலை அது பாட்டுக்கு வளருது. செத்த நேரம் நிறுத்துங்க, வெஞ்சனத்த எறக்கிட்டு வாரேன்." மெஹராஜ் மிதித்தால் அங்கம்மாள் தறியில் ஊதா ஏறும். மெஹராஜுக்குக் கால் சுளுக்கி மூன்று மாதம் தறிப்பக்கம் போகாததால், அங்கம்மாள் தறி மொட்டையாகக் கிடந்தது.

மூன்று மாதம் துணி காட்டாதவர் பெயரை நீக்குவது குழுவின் விதி. வாரமெல்லாம் தறிச்சத்தத்தில் வாய்மூடிக் கிடக்கும் அங்கம்மாளுக்கு அந்த ஒரு ஞாயிறுதான் பேச்சு, சிரிப்பு, எல்லாம். மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு மெஹராஜ் நொண்டிக்கொண்டே மூன்று பச்சைச் சேலைகளைக் கொண்டுவந்து, அக்கா நெய்தது என்றாள்.

"உன் சேலைய அவ பேர்ல எழுதணுமாக்கும்? ரெண்டு பேருமாச் சேந்து என் காதுல பூ சுத்துறீங்களா?" என்றார் ரங்கசாமி.

"அப்ப நீங்களே வந்து மிதிச்சுப் பாருங்கண்ணே," என்றாள் அங்கம்மாள்.

அவர் அங்கம்மாள் வீட்டுத் தறியில் சட்டையைக் கழற்றிப் போட்டு ஒரு மணி நேரம் மிதித்தார். துணி இல்லை. நூல் எங்கே போனதென்று தறிக்குழிக்குள் தேடி, எலியின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அங்கம்மாளையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் நாகல் நகர் போனார். பெயரை அடிக்கப் பேனா பையிலேயே இருந்தது.

மெஹராஜின் தறியில் ஒரு சாண் புதுப் பச்சை ஏறியிருந்தது. வலது கரை கோடு போட்ட மாதிரி. இடது கரை பொரித்த அப்பளம் மாதிரி. ரங்கசாமி நெய்தால் இடது கரை சுருங்கும் என்பது ஊரறிந்தது. நாற்பது வருடமாக மறுத்துவந்தவர் அவர் மட்டுமே.

மெஹராஜின் கணவர் மைதீன் பிச்சை குனிந்து பார்த்தார். "அடடா, யாரு இந்தக் கரைய இம்புட்டு அசிங்கமா இழுத்து வச்சது? அங்கம்மாக்காவா?"

ரங்கசாமி துணியைத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"அந்தப் பிள்ளைய குத்தம் சொல்லாத மைதீனு," என்றார். "அங்கன உக்காந்து நான் நெய்ஞ்சதுதான் இது."