எரியாத டெஸ்டர்

கரண்ட் வேலை கற்கப்போகிறேன் என்றதும் முதலில் சிரித்தவன் என் கொழுந்தன். பத்து வருஷ எலக்ட்ரீஷியன். "போன்ல பாத்து வயரிங் கத்துக்குவீங்களா, அண்ணி? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றான். சிரித்துக்கொள்ளட்டும். நாற்பது வயதுக்காரிக்கு வேலை கற்றுத்தர எவனும் தயாராக இல்லை. போனில் நான் சேர்ந்திருந்த வயரிங் கற்போர் ஆன்லைன் குழுவில் மட்டும்தான் என் அசட்டுக் கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் வந்தது.

அன்று எங்கள் சமையலறையில் ஒரு பழைய சுவிட்சை மாற்ற இறங்கினேன். அந்த அறையின் பிரேக்கரை அணைத்தேன். கொழுந்தன் தன் டெஸ்டரை நீட்டினான். வயரில் வைத்தேன், எரியவில்லை.

"கரண்ட் இல்ல. தைரியமா கை வைங்க" என்றான்.

நான் வைக்கவில்லை. போட்டோ எடுத்துக் குழுவில் கேட்டேன். முகம் தெரியாத ஐந்து பேர் அடுத்தடுத்து ஒரே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள்: "கரண்ட் இருக்கிற இடத்துல அந்த டெஸ்டர் எரியுதான்னு முதல்ல பாத்தீங்களா?"

"இவங்களுக்கு வேற பொழப்பில்ல" என்று முணுமுணுத்தான் கொழுந்தன்.

கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மேஜை ஃபேனின் பிளக்கை உருவி, சாக்கெட்டின் ஓட்டைகளில் டெஸ்டரை வைத்தேன். அங்கேயும் எரியவில்லை. கொழுந்தன் அதைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தான். ஊஹூம். பிளக்கை மறுபடி செருகினேன், ஃபேன் சுற்றியது.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நேத்து மூணு வீட்ல இத நம்பித்தான் கை வச்சேன், அண்ணி."

நான் குழுவில் அடுத்த கேள்வியைப் போட்டேன்: "நல்ல டெஸ்டர் எது? ரெண்டு வேணும்."