ஓர்லீனாவிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஓர்லீனா கேட்ஸ்டன் சொன்னது. தென் கரோலினாவின் இந்தச் சிற்றூரில் பதினேழு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே டயாலிசிஸ் நிலையத்தில் வேலை பார்க்கிறோம். ஒரு செவ்வாய்க்கிழமை இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள்.

"உன் பாஷையில எழுது. அதைப் படிக்கத் தெரிஞ்ச போலீஸ்காரன் எவனும் இந்த ஊர்ல இல்ல."

சிரித்தாள். சிரித்துவிட்டு, அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கறுப்பின மக்களின் திருச்சபையில் மன்னிப்பு என்பது தலைமுறை தலைமுறையாக—'

அடித்துவிட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

ஓர்லீனாவின் தம்பி ரூஃபஸ் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். போன மார்ச் மாதம், பட்டப்பகலில், பின்விளக்கு எரியவில்லை என்று அவனுடைய காரை மறித்தார் டால்ட்டன் கிரீர் என்ற இளம் வெள்ளைக்காரப் போலீஸ். லைசென்ஸை எடு என்றார். எடுக்கக் குனிந்தான். சுட்டுவிட்டார். உயிருக்குப் பயந்து சுட்டதாக வாக்குமூலம் கொடுத்தார், விசாரித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ரூஃபஸ் பிழைத்துக்கொண்டான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிதான்.

இதைப் பற்றிப் பேசக் கூடிய நகர மன்றக் கூட்டத்தில் கைகலப்பாயிற்று. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கர்த்தரின் நினைவு வந்தது.

3

சபையின் பாஸ்டர் எஸ்ரா மோல்ட்ரி ஓர்லீனாவின் வீட்டுக்கு வந்தார்.

"சகோதரி, ஞாயித்துக்கிழமை அந்தப் போலீஸ்காரப் பையன் நம்ம சபைக்கு வர்றான். குடும்பத்து சார்பா நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. ஊர் அடங்கிரும்."

"டிவிக்காரங்களும் வர்றாங்களா பாஸ்டர்?"

"வருவாங்கதான்."

"ஏழெழுபது தரம் மன்னின்னு இயேசு சொன்னாரே, அப்ப கேமரா இருந்துச்சா?"

(இந்தப் பாஸ்டரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். அந்த ஆள் எழுத்தில் நிற்கவில்லை. அவருக்கும் பயம்தான். முந்தின வாரம் சபையின் ஜன்னலில் கல் விழுந்திருந்தது.)

ஓர்லீனாவின் பயம் வேறு. அவள் மகள் கெசியா கல்லூரிக்குக் காரில் போய்வருவதும் ரூஃபஸைச் சுட்ட அதே சாலையில்தான். ஒரு மாதமாக, பாலம் தாண்டியதும் ஒரு போலீஸ் கார் அவள் பின்னால் ஒட்டிக்கொள்ளும். மறிக்காது, சைரன் அடிக்காது. வீட்டுத் திருப்பம்வரை கூடவே வந்துவிட்டுத் திரும்பிப் போகும். மகளின் கார் வாசலில் நிற்கும்வரை ஓர்லீனாவுக்குத் தண்ணீர்கூட இறங்காது.

4

'அவள் மைக்கைப் பிடுங்கி, கிரீரின் முகத்துக்கு நேரே—'

இல்லை. அது என் ஆசை.

மைக்கில் அவள் சொன்னது ஒரே வார்த்தை: "மன்னிக்கிறேன்." சபை எழுந்து கை தட்டியது. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்த கிரீர் அழுதபடியே அவளை அணைத்துக்கொண்டார். அப்போது கோட்டுக்கு உள்ளே, இடுப்பில், கெட்டியாக ஒன்று அவள் விலாவில் இடித்தது.

அவர் காதருகே மெதுவாகக் கேட்டாள். "துப்பாக்கியோடயா வந்திருக்கே?"

"ட்யூட்டி இல்லாதப்பவும் வச்சுக்கலாம் மிஸ் ஓர்லீனா."

"அன்னிக்குப் பயந்து சுட்டேன்னு சொன்னே. கோயிலுக்குள்ள யாரைக் கண்டுப்பா பயம்?"

அவர் வாய் திறப்பதற்குள் பாடகர் குழு தொடங்கிவிட்டது.

ரூஃபஸ் சபைக்கு வரவில்லை. வீட்டில் டிவியில் பார்த்தான். "நல்லா நடிச்சேக்கா" என்றான்.

"நடிக்கலடா."

"பின்ன?"

"கெசியா அந்த ரோட்டுலதான போறா."

5

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. விசுவாசமா, பயமா? வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன்.

"காலையில ஜெபம் பண்றப்ப நிஜமாத்தான் மன்னிக்கிறேன். சாயங்காலம் அந்தக் கார் சத்தம் கேட்டா எல்லாம் போயிடுது. மறுநாள் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

இதற்கு ஒரு விளக்கம் எழுத உட்கார்ந்து மூன்று பக்கம் வீணாக்கினேன்.

6

அதே வாரம் வியாழக்கிழமை மதியம் போலீஸ் கார் வாசலிலேயே வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. துளைக் கண்ணாடி வழியே பார்த்தாள். கிரீர், சீருடையில். முகம் தெரிந்தது, மார்பு தெரிந்தது. இடுப்பு தெரியவில்லை.

"துப்பாக்கியைக் கார்லயே வச்சிட்டேன் மிஸ் ஓர்லீனா. அன்னிக்கு நீங்க சொன்னது நிஜந்தானா? நிஜமாவே மன்னிச்சீங்களா? எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

அவளுக்குப் பின்னாலிருந்து சக்கர நாற்காலி உருண்டு வந்தது.

"அவளை ஏன்யா கேக்குறே?" ரூஃபஸ் கத்தினான். "குண்டு வாங்குனவன் நான். ஊரே அவகிட்டதான் போய் நிக்குது. என்னை ஒருத்தன் கேட்டிருப்பானா?"

"உங்ககிட்டக் கேக்கப் பயமா இருந்துச்சு" என்றது வெளியிலிருந்து குரல்.

ரூஃபஸ் கையை உயர்த்தினான். தாழ்ப்பாள் எட்டவில்லை.

"அக்கா, எடு."

"அவன் இடுப்பு தெரியலடா."

"அன்னிக்கு என் கை அவனுக்குத் தெரியல. எடுக்கா."

7

'கதவு திறந்தது. கிரீர் மண்டியிட்டார்.' அடித்தேன், அவ்வளவு லேசானதல்ல.

'கதவு திறந்தது. அவர் கை இடுப்புக்கு—' அடித்தேன். இதை எழுத எனக்கே பயம்.

'அவள் திறக்கவில்லை.' இதை அடிக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் அவளை மேடையேற்றி, இவள் கிறிஸ்தவளா, கோழையா என்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள். அவளை நிற்க வைத்தது போதும். கொஞ்சம் நகரச் சொல்லுங்கள். கதவுக்கு உள்ளே, அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். வெளியே ஒருவர் மூச்சு விடுவது கேட்கிறது. உள்ளே ஒருவன் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.