ஊர் பேசாத வீடு

பாப்பாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நாங்கள் இரண்டு பேரும் உயிருக்குயிர் என்று எவளாவது கதை கட்டினால் பல்லை உடைப்பேன்.

என் புருஷன் அருணகிரி கட்டுமரம் கவிழ்ந்து செத்தான். பதினாறு நாள் துக்கம் காத்துவிட்டு, மீன் கூடையோடு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, பத்து வருஷமாக நான் உட்கார்ந்து விற்ற இடத்தில் பாப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்றேன்.

"எடம் இன்னா உன் அப்பன் வூட்டுச் சீதனமா?" என்றாள்.

அன்றிலிருந்து நான் வெயிலில் உட்கார்கிறேன். இரண்டு வருஷமாக அவளோடு பேச்சு கிடையாது. இத்தனைக்கும் கோவளத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் அவள் வீடும் என் வீடும் ஒரே வேலியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இப்போது என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. பனை ஓலைக் கூரை, ஒரு அடுப்பு, ஒரு பாய். ஆனால் நான் நினைத்தபோது எழுந்திருப்பேன், நினைத்தபோது படுப்பேன். சோறு ஆக்கப் பிடிக்காத நாளில் பொரியைத் தின்றுவிட்டுக் கால் நீட்டிக் கிடப்பேன். ஏன் என்று கேட்க நாதி கிடையாது. நாற்பத்து மூன்று வயதில் முதல் முதலாக எனக்குக் கிடைத்த சுகம் அது.

அது என் மூத்தார் காத்தவராயனுக்குப் பொறுக்கவில்லை. செத்தவனுக்கு அண்ணன், குப்பத்துக்கு நாட்டாண்மை. கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார்.

"இந்தாம்மே லோகநாயகி, தனிப் பொம்பளைக்கு இன்னாத்துக்கு ஒரு வூடு? என் வூட்டுப் பின்னால வந்து குந்திக்கோ. பையனுக்குக் கல்யாணம் ஆயிட்ச்சு. அவன் அங்க இருக்கட்டும்."

அவர் வீட்டுப் பின்பக்கம் எனக்குத் தெரியாதா? அவர் பெண்டாட்டி சட்டியைத் தேய்த்துக்கொண்டு, இருமுவதற்குக்கூட அவளிடம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும்.

"எனுக்கு ஆக்க நான் கீறேன். பேச நான் கீறேன். யாரும் வாணாம் மாமா" என்றேன்.

"யாரும் வாணாமா? ஊரும் வாணாமா?"

வாய் சும்மா இருந்ததா, பாழாய்ப்போன வாய்! "ஊரும் வாணாம்" என்றேன்.

அவ்வளவுதான். கட்டு போட்டார்கள். என்னோடு யாரும் பேசக் கூடாது. தண்ணீர், நெருப்பு, மீன் எதுவும் தரக் கூடாது. பேசினால் அந்த வீட்டுக்கும் அதே கட்டு. வீட்டை மட்டும் அவர்களால் தொட முடியவில்லை. எங்கள் குப்பத்தில் மணல் எல்லாம் ஊருக்குச் சொந்தம். அதில் வீடு கட்டியவளுக்கு அடுப்பு எரிகிறவரை உரிமை. தொடர்ந்து மூன்று காலை கூரையில் புகை வராவிட்டால் வீடு ஊருக்கு. அதனால் காத்தவராயன் தினமும் விடிந்ததும் வெளியே வந்து, பல் விளக்கிக்கொண்டே என் கூரையைப் பார்ப்பார். நான் பச்சை விறகாகப் பார்த்துப் போட்டுப் புகைய விடுவேன். இருமட்டும் என்று.

பஸ்ஸில் எல்லாம் 'பேச்சைக் குறை, உழைப்பைப் பெருக்கு' என்று எழுதி ஒட்டியிருந்த எமர்ஜென்சி வருஷம் அது. டெல்லியே அப்படிச் சொல்கிறபோது எங்கள் குப்பம் சொல்லாதா? கடற்கரையில் ஊற்று தோண்டித் தண்ணீர் எடுத்தேன். அடுப்பைப் புகைய விட்டுவிட்டு, விடியுமுன் கோவளத்துக்கு நடந்து மீன் வாங்கினேன். எதிரே வருகிறவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், குழந்தைகள்கூட ஓடிப்போகும். யாரும் வேண்டாம் என்றவள்தானே நான். ஆனாலும் நாலாவது மாதத்தில் என் குரலே எனக்கு மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருந்தது.

பாப்பா மட்டும் வாயை மூடவில்லை. என்னிடம் பேசுகிறாளா? ஐயோ, அப்படிச் சொன்னால் கட்டு ஆயிற்றே. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காக்காவைத் திட்டுவாள்.

"ஏ திருட்டுக் காக்கா! கோவளத்துல சாவு வுழுந்துகீது, நாளைக்கு ஒரு மரமும் கடலுக்குப் போவாது. அது தெரியாம கூடையத் தூக்கினு ஓடப்போறியே, மூளை கெட்ட கய்தே!"

காக்கா எங்கே கூடை தூக்கிற்று? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பானையைப் பார்த்து, "ஏ பானை, எடம் திருடினவளுக்கு வாய் வேற கேடா?" என்பேன். ஆனால் மறுநாள் கோவளத்துக்குப் போக மாட்டேன்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தபோது உடம்பு அனலாகக் கொதித்தது. கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, மீன் கூடைமேலேயே சரிந்துவிட்டேன். கடைசியாகக் காதில் விழுந்தது பாப்பாவின் தொண்டை.

"இந்தக் கூடை வயியில கெடந்து பேஜாரு பண்ணுதே! யாராவது தூக்கி ஆஸ்பத்திரில போடுங்கய்யா! மீனு வாங்க வந்தவனுங்க வேடிக்கையா பாக்குறீங்க?"

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி வார்டு. என்ன கிழமை என்று நர்ஸைக் கேட்டேன். சனிக்கிழமை என்றாள். வெள்ளிக்கிழமை காலை போச்சு, சனிக்கிழமை காலை போச்சு. எழுந்தேன், விழுந்தேன். நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தாள். ஞாயிறு விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி, பஸ் மாறி மாறி, சவுக்குத் தோப்பு வழியாகக் குப்பத்துக்குள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது.

என் கூரையில் புகை. வாசலில் கூட்டம்.

முடிந்தது, பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டான் மூத்தார் மகன் என்று நினைத்தேன். காலில் பலம் இல்லை, ஆனால் கையில் கல் இருந்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன்.

காத்தவராயன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். உள்ளே அடுப்பின் முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தவள் பாப்பா.

"மூணு நாளா நீதான் எரிக்கிறியா? கட்டு போட்டது தெரியாதா உனுக்கு?"

"இன்னாய்யா கட்டு? பேசக் கூடாதுன்ன. வூட்ல ஆளே இல்ல, நான் யார்கிட்ட பேசினேன்? அடுப்பாண்ட பேசினேன். அடுப்புக்கும் கட்டு போட்டியா?"

"உனுக்கும் அவளுக்கும் ஆவாதேடி! இன்னாத்துக்கு இந்த வேலை?"

"ஆவாதுதான்" என்று பாப்பா ஊதுகுழலை நீட்டி அவரைக் காட்டினாள். "அவ போய்ட்டா வேலியாண்ட நின்னு நான் யார வையிறது? உன் மருமவளையா? அதுக்கு அழுவத்தான் தெரியும்!"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் காத்தவராயனுக்குத் தாங்கவில்லை. பாப்பா வீட்டுக்கும் கட்டு என்று அங்கேயே சொன்னார். அவள் புருஷன் மாரி, காத்தவராயனின் கட்டுமரத்தில்தான் தொழிலுக்குப் போகிறவன். அவனும் இனி மரம் ஏறக் கூடாது. மாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாப்பாவின் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. நான் பார்த்தேன்.

எல்லாரும் போனபின் சட்டியைத் திறந்தேன். மழைக்காலத்துக்கு என்று நான் ஒளித்து வைத்திருந்த வஞ்சிரக் கருவாடு குழம்பில் மிதந்தது.

"அடிப்பாவி, என் கருவாட்டையா போட்ட?" இரண்டு வருஷத்தில் அவளிடம் நேராக நான் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"பின்ன, உன் அடுப்புக்கு என் வூட்டுக் கருவாடா?" என்று புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தது. வேலிப் பக்கம் சத்தமே இல்லை. காக்கா உட்கார்ந்திருந்தது, திட்ட ஆள் இல்லை. எட்டிப் பார்த்தேன். பாப்பாவின் கூரையில் புகை இல்லை. எதிரே காத்தவராயன் பல் விளக்கிக்கொண்டு நின்றார். இன்று என் கூரையைப் பார்க்கவில்லை, அவள் கூரையைப் பார்த்தார்.

வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனேன். மாரி ஆத்திரத்தில் அடுப்பை உதைத்து உடைத்துவிட்டு, கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தான். உடைந்த மண்ணுக்கு நடுவே பாப்பா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை.

திரும்பி வந்து, ஓட்டாஞ்சில்லில் என் அடுப்புத் தணலை அள்ளினேன். மூன்று கல்லை மடியில் கட்டிக்கொண்டேன். போய் அவள் முன்னால் கல்லைப் போட்டேன்.

"உனுக்காகன்னு நெனச்சுக்காதே. வாசல்ல கெடந்து கால்ல இடிக்குது. அதான் கொணாந்தேன்."

அவள் கல்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"கல்ல ஒயுங்கா வெய்யிடி, கண்ணு அவிஞ்சவளே."

ஒழுங்காகத்தான் வைத்தேன். பச்சை விறகாகப் பார்த்துச் செருகினேன்.