மந்தைக்கு முதல் தோட்டா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. வேறு காரணங்கள் சொல்லிப் பார்த்தேன், எழுத்து நகரவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘ஜாம்பேசிப் பள்ளத்தாக்கில் காட்டெருமைக்கு 375 துப்பாக்கி போதுமா, 458 வேண்டுமா என்று...’ (அடித்துவிட்டேன். எங்கள் வேட்டை முகாமில் தினமும் நடக்கிற சண்டைதான் அது.)

பதினோரு வருடம் எனக்குத் தடம் பார்த்த மட்டவீரே, புதிதாக வந்த வேட்டைக்காரன் குவின்யாயோடு போய்விட்டார். என் துப்பாக்கி 375. அவனுடையது 458, இன்னும் பெரிய குண்டு.

“கோவிச்சுக்காதீங்க. அந்த 458ஐத் தூக்கினா தோள் வலிக்குது. ஆனா எருமை எதிர்ல நிக்கும்போது புள்ளைங்க ஞாபகம் வரமாட்டேங்குது” என்றார்.



2

காலையில் சட்ஸாக் களியை உருட்டிக்கொண்டே குவின்யாய் கேட்டான்.

“அண்ணே, இன்னைக்கு ஒத்தை எருமைக் கிடா. முதல்ல முனை விரியற தோட்டாவைப் போடவா, கெட்டியைப் போடவா?”

அந்தக் கிடா விடியலில் மந்தையோடு சேர்ந்துவிட்டதை நான் மட்டும் பார்த்திருந்தேன். மந்தை என்றால் முதல் தோட்டா முனை விரிந்து உடம்புக்குள்ளேயே நின்றுவிடுவதாக இருக்கவேண்டும். கெட்டித் தோட்டா கிடாவைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும்.

“கெட்டியே போடு தம்பி” என்றேன்.*

* முதல் படியில் ‘நான் வாயே திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தேன். அது பொய்.

3

புதருக்குப் பின்னால் மந்தை நிற்பதைக் கண்டு மட்டவீரே கைகாட்டுவதற்குள் குவின்யாய் சுட்டுவிட்டான். கிடா விழுந்தது. பின்னால் நின்ற பெண் எருமை குண்டடிபட்டு முட்காட்டுக்குள் ஓடியது. காயப்படுத்தியவன்தான் தேடிப் போகவேண்டும். அவனுக்கும் முன்னால், தடம் பார்ப்பவர்.

வெடிச்சத்தம் கேட்டு ஓடினேன். மட்டவீரே குனிந்து இரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

“மந்தை இருந்தது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றேன்.

விரலைப் புல்லில் துடைத்துவிட்டு, குவின்யாய்க்கு முன்னால் முட்காட்டுக்குள் போனார்.

4

முடிவு அ: எருமை மட்டவீரேயைக் குத்திக் கொல்கிறது. நான் கதறுகிறேன். மூன்று பக்கம், ஒரே மூச்சில் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது.

முடிவு ஆ: பத்தடியில் பாய்ந்து வந்ததைக் குவின்யாய் ஒரே தோட்டாவில் சாய்க்கிறான். மட்டவீரே சிரித்துக்கொண்டே அவனை

நடந்தது ஆ. எத்தனை நாளாக முயன்றும் அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அவர் சாவதை என்னால் எழுத முடிகிறது. அவர் அவனைக் கட்டிப்பிடிப்பதை எழுத முடியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.